இயல் 7: குறைந்த விலைக் கருவிகளில் கோடி ஊடக மையம்

7.1 ஊடக மையம் என்பது

வீட்டில் ஏற்கெனவே உள்ள திரைப்படம், பாட்டு, நிழற்படம், குடும்ப ஒளிப்பதிவு ஆகியவற்றையும், வெளியிலிருந்து கட்டணமின்றிக் கிடைக்கும் அலைவரிசைகளையும் ஒரே பட்டியலில் அடுக்கி, தொலைக்காட்சித் திரையில் ரிமோட்டைக் கொண்டே இயக்குமாறு தரும் மென்பொருள் ஊடக மையம் எனப்படுகிறது. அதன் மூலநிரல், அதாவது நிரலாளர்கள் எழுதிய கட்டளைத் தொகுப்பு, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் உரிமத்துடன் வெளியிடப்பட்டிருந்தால் அது திறந்த மூல மென்பொருள் ஆகும். இவ்வகையில் மிகப் பரவலாகப் பயன்படுவது கோடி. ஓணக்கோடி, கோடித்துணி என்னும் வழக்குகளில் புத்தாடையைக் குறிக்கும் சொல்லுக்கும் இம்மென்பொருளின் பெயருக்கும் ஒலியொப்புமையைத் தவிர வேறு தொடர்பில்லை.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியில் படம் பார்ப்பதற்காக 2002ஆம் ஆண்டளவில் ஆர்வலர்கள் தொடங்கிய முயற்சி, 2004இல் எக்ஸ்பிஎம்சி என்னும் பெயரில் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்து, பின்னர் கணினி, கைப்பேசி, சிறு கணினி என எல்லாவற்றிலும் இயங்கும் அளவுக்கு வளர்ந்ததால், 2014இல் 14ஆம் பதிப்பு வெளியானபோது கோடி எனப் பெயர் மாறியது. 2024 ஏப்ரலில் 21ஆம் பதிப்பு வெளிவந்தது. கோடி எந்தப் படத்தையும் தானாக வழங்குவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்வது நன்று. அது அலமாரி போன்றது. அடுக்கிவைக்க வேண்டியவற்றை வீட்டார்தாம் கொண்டுவர வேண்டும். ஆகவே எந்தக் கருவியை வாங்குவது என்னும் கேள்விக்கு முன்பாக, எதை அடுக்கப் போகிறோம் என்னும் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

7.2 எல்லையோர வீட்டின் தேவை

நெய்யாற்றின் கரையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 66இல் அமைந்த அமரவிளையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் இவ்வகை அலமாரி மிகவும் பயன்படக்கூடிய இடங்களாகும். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் பாட்டி தமிழிலும் பேரக்குழந்தைகள் மலையாளத்திலும் படம் கேட்கும் வீடுகள் இப்பகுதியில் உள்ளன. தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் பெண் கொடுத்தும் எடுத்தும் வருவதால் திருமணப் பதிவுகளும் இரு மொழிகளிலும் சேர்ந்திருக்கின்றன. கேபிள், டிடிஎச் நிறுவனங்களின் கட்டணத் தொகுப்புகளோ பெரும்பாலும் மொழிவாரியாக வகுக்கப்பட்டவை. இரு மொழி வேண்டுவோர் கூடுதல் தொகுப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள நேர்கிறது. கோடியின் நூலகத்தில் இத்தகைய பிரிவினை இல்லை. எந்த மொழிப் பதிவும் ஒரே தட்டில் அமர்கிறது.

இப்பகுதிக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்க முன்னோடி ரிச்சர்டு ஸ்டால்மனால் தொடங்கிவைக்கப்பட்டது; அதே ஆண்டில் தொடங்கி இன்று கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்துள்ள கேரளப் பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், அரசுப் பள்ளிக் கணினிகளில் குனூ லினக்ஸ் என்னும் திறந்த மூல இயக்க முறைமையைக் கொண்டுவந்தது. ஆகவே பின்வரும் பகுதிகளில் வரும் 'கோப்புறை', 'இயக்க முறைமை' போன்ற சொற்களைக் கண்டு பெரியவர்கள் தயங்கினாலும், வீட்டில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அவை புதியனவாக இரா.

7.3 கருவியைத் தேர்தல்

சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தொலைக்காட்சியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக். இவற்றுள் கூகுளின் ஆண்ட்ராய்டு டிவியில் இயங்குபவற்றில் கோடியைப் பிளே ஸ்டோரிலிருந்து நேரே நிறுவலாம். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்குகளுக்கான செயலிக் கடையில் கோடி இல்லாததால், கோடியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து கோப்பை இறக்கி வேறு வழியில் நிறுவ வேண்டியுள்ளது. 2025இன் பிற்பகுதியில் அறிமுகமான ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொள்ளாத வேகா என்னும் இயக்க முறைமையில் இயங்குவதால் அதில் அந்த வழியும் அடைபட்டுள்ளது. எனவே கடையில் பெட்டியைக் கையில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியது விலையை அன்று, இயக்க முறைமையின் பெயரையே ஆகும்.

இரண்டாம் வகை, ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி. இதில் கோடியை மட்டுமே இயக்குவதற்கென்று உருவான லிப்ரெஎலெக் என்னும் சிறிய லினக்ஸ் இயக்க முறைமையை நிறுவினால், மின்சாரம் கொடுத்தவுடன் நேரே கோடியின் முகப்புத் திரை தோன்றும். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4, எச்.264 முறையில் சுருக்கப்பட்ட முழு எச்டி படங்களையும், எச்.265 முறையில் சுருக்கப்பட்ட 4கே படங்களையும் வன்பொருளாலேயே விரித்துக் காட்டுகிறது. இதற்கு வன்பொருள் விரிப்பு என்று பெயர். சில்லின் பொதுச் செயலி உழைக்காமல் அதற்கென அமைந்த தனிச் சுற்றே வேலையைச் செய்வதால் கருவி சூடாவதும் படம் திக்குவதும் குறைகின்றன. 2023இல் வந்த ராஸ்பெரி பை 5 எச்.265க்கு மட்டுமே வன்பொருள் விரிப்பைக் கொண்டிருந்தாலும், அதன் செயலி வலுவானது என்பதால் எச்.264 படங்களையும் தடையின்றிக் காட்டுகிறது. குடும்பப் பதிவுகளையும் முழு எச்டி படங்களையும் பார்க்கும் வீட்டுக்குப் பை 4 போதும்.

மூன்றாம் வகை, பெயரறியா நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு பெட்டி. இவை மூன்றிலும் மலிவானவையாகத் தோன்றினாலும் எச்சரிக்கை மிகத் தேவை. டி95 என்னும் பெயரில் விற்ற ஒரு பெட்டி தொழிற்சாலையிலிருந்தே தீநிரலுடன் வந்தது 2023 ஜனவரியில் வெளிப்பட்டது. இவ்வகைப் பெட்டிகளை அடிமைப்படுத்திய பேட்பாக்ஸ் 2.0 என்னும் வலைப்பின்னலைக் குறித்து அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூனில் பொது எச்சரிக்கை விடுத்தது. வீட்டு இணையத்தைப் பிறர் தம் முகமூடியாகப் பயன்படுத்த இடம் தரும் பெட்டி, விலை குறைவாயினும் மலிவானது ஆகாது. "எல்லாப் படமும் இலவசம்" என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் பெட்டியைத் தவிர்ப்பதே எளிய விதி.

7.4 நிறுவும் முறை

ராஸ்பெரி பையில் நிறுவுவதற்கு 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட, நம்பத்தக்க நிறுவனத்தின் மைக்ரோ எஸ்டி அட்டை ஒன்றும், பை 4 எனில் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் மின்னேற்பியும் வேண்டும். பழைய கைப்பேசியின் சார்ஜரை மாட்டுவதே இக்கருவி இடையிடையே நின்றுபோவதற்கு மிகப் பொதுவான காரணம். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். ராஸ்பெரி பை இமேஜர் என்னும் இலவசச் செயலியைக் கணினியில் நிறுவி, அதன் பட்டியலில் லிப்ரெஎலெக்கைத் தேர்ந்து, அட்டையில் எழுதி, பையில் செருகி, மின்னேற்பித் துளைக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐ துளையில் கம்பியை இணைத்துப் பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். முதன்முறை இயங்கும்போது அது அட்டையின் முழுக் கொள்ளளவையும் தனதாக்கிக்கொண்டு தானே ஒருமுறை மீளத் தொடங்கும். அவ்வேளையில் பழுதென்று எண்ணி மின்சாரத்தைத் துண்டித்துவிடக் கூடாது.

தனி ரிமோட் வாங்க வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே தொலைக்காட்சியின் ரிமோட் கட்டளைகளை இணைந்த கருவிக்குக் கடத்தும் சிஇசி என்னும் வசதி பெரும்பாலான தொலைக்காட்சிகளில் உண்டு. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு வெவ்வேறு பெயர் சூட்டியிருப்பதாலும், சிலவற்றில் அது தொடக்கத்தில் அணைந்தே இருப்பதாலும், தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் தேடி அதை இயக்கிவிட வேண்டும்.

அடுத்து, படங்கள் உள்ள வன்தட்டை இணைப்பது. ஃபேட்32 முறையில் வடிவமைத்த தட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அமராது என்பதால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையைக் கையாள்வது தக்கது. ராஸ்பெரி பை 4இன் எல்லா யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து தருவது 1.2 ஆம்பியர் மட்டுமே. ஆகவே இரண்டு வன்தட்டுகளை மாட்டுவோர் தனி மின்சாரம் பெறும் யூஎஸ்பி கிளைப்பெட்டி ஒன்றை இடையில் வைக்க வேண்டும்.

7.5 தமிழும் மலையாளமும் ஒரே திரையில்

கோடியின் தோற்றத்துக்கு இயல்பாக அமைந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாமையால், மொழியை முதலில் தமிழுக்கு மாற்றிவிட்டால் திரை முழுவதும் வெற்றுக் கட்டங்களே நிறைந்து, திரும்பும் வழியும் படிக்க முடியாமல் போகக்கூடும். இடைமுக அமைப்புகளில் தோற்றம் என்னும் பிரிவில் எழுத்துருவை ஏரியல் சார்ந்ததாக மாற்றிய பிறகே வட்டார அமைப்பில் மொழியை மாற்ற வேண்டும். இவ்வரிசையைக் கட்டாயமாகக் கொள்வது நலம். எழுத்துரு மட்டும் இருந்து, எழுத்துகளைக் கோக்கும் நுட்பம் இல்லாத மென்பொருளில் வேறொரு குறை தோன்றும். 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே வர வேண்டியிருக்க, ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கும். 'கொ' இன்னும் சிதறித் தோன்றும். மலையாளத்தின் கூட்டெழுத்துகள் பிரிந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். பழைய பதிப்புகளில் இக்குறை காணப்பட்டால் புதிய பதிப்புக்கு மாறிப் பார்ப்பது முதல் தீர்வு. வசனவரிக் கோப்புகள் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் இருத்தல் வேண்டும். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றங்களில் அமைந்தவற்றை மாற்றிக்கொண்ட பின்னரே பயன்படுத்தலாம்.

கோப்புகளுக்குப் பெயரிடுவது நூலகத்தின் உயிர்நாடி. கோடி, கோப்பின் பெயரைப் படித்து, இணையத் தரவுத்தளத்திலிருந்து படத்தின் சுவரொட்டி, நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் ஆகியவற்றைத் திரட்டிவரும் துணை நிரலைக் கொண்டது. அது பெயரையும் ஆண்டையும் சேர்த்தே நம்புகிறது. பில்லா என்று மட்டும் பெயரிட்டால் 1980இன் படத்துக்கு 2007இன் சுவரொட்டி வந்து ஒட்டிக்கொள்ளலாம். தில்லுமுல்லு எனின் 1981, 2013 என இரண்டு உண்டு. திருஷ்யம் என்னும் பெயரில் 2013இன் மலையாளப் படமும் 2015இன் இந்திப் படமும் இருக்க, அதே கதை தமிழில் 2015இல் பாபநாசம் ஆகியது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கோப்புறை அமைத்து, 'பில்லா (1980)' என்பது போல் அடைப்புக்குறிக்குள் ஆண்டைக் குறிப்பது நன்று. தரவுத்தளங்களில் ஆங்கில எழுத்தில் எழுதிய தலைப்பே பெரும்பாலும் எளிதாகப் பொருந்துவதால், கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டு, திரையில் தோன்றும் தலைப்பைப் பின்னர் தமிழில் திருத்திக்கொள்ளலாம். மொழிவாரியாகப் பார்க்க விரும்புவோர் தமிழ், மலையாளம் என இரு தாய்க் கோப்புறைகளை வைத்து இரண்டையும் ஒரே நூலகத்தில் சேர்த்தால், தனித்தனியாகவும் ஒன்றாகவும் பார்க்க இயலும்.

7.6 குடும்பப் பதிவுகள்

எந்தச் சந்தாவிலும் கிடைக்காத ஒரே உள்ளடக்கம் குடும்பத்தின் சொந்தப் பதிவு. ஊடக மையத்தின் முதல் தட்டு அதற்கே உரியது. 1980கள், 90களின் திருமணங்கள் விஎச்எஸ் நாடாவிலும், அதன்பின் வந்தவை விசிடி, டிவிடி வட்டுகளிலும் உள்ளன. தென்கேரளத்தின் ஈரப்பதத்தில் அலமாரியில் கிடக்கும் நாடாவில் வெண்பூஞ்சை படர்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவைப் பிளேயரில் இட்டால் நாடாவும் கெடும், பிளேயரின் தலையும் அடைபடும். எனவே அத்தகைய நாடாக்களை வீட்டில் ஓட்டிப் பார்க்காமல், சுத்தம் செய்து மாற்றித் தரும் நிலையங்களிடம் ஒப்படைப்பதே முறை.

விசிடியின் படம் 352×288 புள்ளிகளும், இந்தியாவில் வழங்கிய டிவிடியின் படம் 720×576 புள்ளிகளும் கொண்டவை. அவற்றைப் பெரிய திரைக்கு இழுத்துப் பார்க்கும்போது மங்கலாகத் தோன்றுவது பழுதன்று, இயல்பே. ஆனால் மணமக்கள் அசையும்போது அவர்களது உருவின் ஓரங்கள் சீப்புப் பற்களைப் போல் பிளவுபட்டுத் தோன்றினால், அது பின்னிய வரி முறையில் பதிவானது என்று அறியலாம். அம்முறையில் ஒரு சட்டகத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வெவ்வேறு கணங்களில் பதிவாவதால் இவ்விளைவு உண்டாகிறது. படம் ஓடும்போது காட்சி அமைப்பைத் திறந்து, வரிப்பின்னலை நீக்கும் தேர்வை இயக்கினால் நேராகும். இப்பதிவுகள் வினாடிக்கு 25 சட்டகங்களும், திரைப்படங்கள் 24 சட்டகங்களும் கொண்டவை என்பதால், படத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் தேர்வையும் இயக்கிவைப்பது அசைவுகளைச் சீராக்கும்.

7.7 இணைப்பும் இலவச அலைவரிசையும்

வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவான முழு எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி இடம் கொள்ளும். அதை வேறோர் அறையிலுள்ள கணினியிலிருந்து இழுத்துப் பார்க்க 100 மெகாபிட் கம்பி இணைப்பே தாராளமாகப் போதும். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது என்றாலும் கனத்த சுவரையும் காங்கிரீட் தளத்தையும் கடக்கத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கடக்கும், ஆனால் அயல் வீடுகளின் நெரிசலில் மெலியும். ரூட்டர் மாடியிலும் தொலைக்காட்சி கீழேயும் இருக்கும் வீட்டில் ஒரேயொரு ஈதர்நெட் கம்பி இழுப்பது, விலையுயர்ந்த பெட்டிக்கு மாறுவதைவிடப் பயன் தரும்.

தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிடி ஃப்ரீ டிஷ் சேவையில் டிடி தமிழ், டிடி மலையாளம் இரண்டும் கிடைப்பதால், யூஎஸ்பியில் இணையும் டிவிபி-எஸ்2 அலைவாங்கியையும் டிவிஹெட்எண்ட் என்னும் திறந்த மூலச் சேவையகத்தையும் கொண்டு அவற்றைக் கோடியின் பட்டியலிலேயே சேர்க்கலாம்; வாங்கும் முன் அலைவாங்கிக்கு லினக்ஸ் ஆதரவு உண்டா என்பதை உறுதிசெய்தல் வேண்டும். இச்சேவையை வழங்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு நெடுவரை 93.5 பாகையில் நிற்பதால், அமரவிளையிலிருந்து டிஷ் தட்டு கிழக்குக்குச் சற்றுத் தெற்காக, தரையிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயர்ந்து நோக்க வேண்டும். இவ்வளவு செங்குத்தாக நோக்குவதால் சற்றுத் தொலைவில் நிற்கும் தென்னைகள் மறைப்பதில்லை. வீட்டை ஒட்டிச் சாய்ந்து நிற்கும் ஓலையே மறைக்கும். இச்சேவை வரும் கேயூ அலைத்தொகுதி கனமழையில் மெலியும் இயல்புடையது என்பதால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் படம் சற்றுநேரம் உறைந்து நின்றால் தட்டைத் திருப்பத் தொடங்காமல் மழை ஓயக் காத்திருப்பதே அறிவு.

7.8 மின்சாரம், மின்னல்

5 வாட் கொள்ளும் கருவி இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்டே செலவாகும். செலவைவிடத் திடீரெனக் கரண்டு போவதே பெரிய இடர். லிப்ரெஎலெக்கின் அமைப்புப் பகுதி படிக்க மட்டுமே கூடியதாக அடைக்கப்பட்டிருப்பதால் அது எளிதில் கெடுவதில்லை. ஆனால் நூலகப் பட்டியலும் வன்தட்டின் கோப்புகளும் எழுதப்படும் வேளையில் மின்சாரம் போனால் சிதையக்கூடும். பட்டியலை மாதம் ஒருமுறை காப்பெடுத்து, குடும்பப் பதிவுகளுக்கு வேறொரு வீட்டில் இரண்டாம் படி வைத்திருத்தல் இன்றியமையாதது.

துலாவர்ஷக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையே இடிமின்னலில் கவனமாக இருக்குமாறு கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. மின்செருகியை மட்டும் பிடுங்குவது போதாது. டிஷ், கேபிள் கம்பிகளின் வழியாகவும் மின்னழுத்தம் நுழைவதால் அலைவாங்கியின் கம்பியையும் சேர்த்தே கழற்ற வேண்டும். வானம் இருண்ட பிறகு கழற்ற ஓடுவதைவிட, படம் பார்க்காத பகற்பொழுதில் கழற்றியே வைப்பது பாதுகாப்பு.

7.9 சட்ட எல்லை

கோடியில் வெளியார் எழுதிய துணைநிரல்களைச் சேர்க்கும் வசதி உண்டு. கோடி திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலுள்ளவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். புதிய படங்களைத் திருட்டுத்தனமாகக் காட்டும் துணைநிரல்கள் அக்களஞ்சியத்தில் இடம்பெறுவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957 ஒருபுறமிருக்க, திரைப்படவியல் திருத்தச் சட்டம் 2023 திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவதற்கும் அத்தகைய படிகளை இலாபத்துக்காகப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கட்டணச் சேவைகளின் படங்கள் மறையாக்கப்பட்டு வருவதால் அவற்றை அந்தந்த நிறுவனத்தின் செயலியிலேயே பார்ப்பது தரத்துக்கும் சட்டத்துக்கும் ஏற்றது. ஸ்டிக் உள்ள வீட்டில் அச்செயலிகளும் கோடியும் அருகருகே இருக்கலாம்.

7.10 செயல்வரிசை

மேற்கூறியவற்றை வரிசைப்படுத்தின், முதலில் வீட்டிலுள்ள நாடாக்களையும் வட்டுகளையும் எண்ணிப் பட்டியலிட்டு, கெடும் நிலையில் உள்ளவற்றை மாற்றக் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, வன்தட்டு வாங்கி, பெயரும் ஆண்டும் இட்டுக் கோப்புறைகளை அமைக்க வேண்டும். மூன்றாவதாக, தொலைக்காட்சி இருக்கும் இடம் வரை இணைப்பைச் சீராக்க வேண்டும். கருவியை வாங்குவது நான்காவது வேலை. இவ்வரிசையைத் தலைகீழாக்குவோரின் வீட்டில் கருவி புதிதாகவும் நூலகம் வெறுமையாகவும் இருக்க, நாடாவில் பூஞ்சை மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்டிக்கும் பெட்டியும் சில ஆண்டுகளில் பழையனவாகி மாறும். ஒழுங்காகப் பெயரிட்ட வன்தட்டை அடுத்து வரும் எந்தக் கருவியிலும் மாட்டிக்கொள்ளலாம்.